தத்துப்பூச்சிக்குள் நோய் போகும் பாதை: உடலமைப்பைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெல் வயலில் காணும் பச்சை தத்துப்பூச்சி மிஞ்சிப்போனால் 5 மில்லிமீட்டர் இருக்கும். அது சாறு உறிஞ்சுவதால் மட்டும் வரும் கேட்டைப் பயிர் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அதே பூச்சி துங்ரோ நோயைச் சுமந்து வந்து உட்கார்ந்தால் கதையே வேறு. இலைகள் மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறும், பயிர் குட்டையாக நின்றுவிடும், தூர் குறையும், வரும் கதிரிலும் பதர்தான் அதிகம். நோய் சுமக்கும் பூச்சிக்கும் சுமக்காத பூச்சிக்கும் வெளித்தோற்றத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. வித்தியாசம் முழுவதும் வாய், குடல், உமிழ்நீர்ச் சுரப்பி இந்த மூன்றுக்குள்ளேயே இருக்கிறது.

அதனால் இந்தப் பூச்சியின் உடலைத் தலை, மார்பு, வயிறு என்று வெறும் பெயர்ப்பட்டியலாகப் படிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. சாறு எந்த வழியாக உள்ளே போகிறது, நோய்க்கிருமி எங்கே தங்குகிறது, எதையெல்லாம் தாண்டி மறுபடி உமிழ்நீரோடு செடிக்குள் இறங்குகிறது என்ற வரிசையில் பாருங்கள். ஒவ்வொரு உறுப்பும் எதற்கு அங்கே இருக்கிறது என்பது தானாகப் பிடிபடும். முதலில் கையில் இருப்பது தத்துப்பூச்சிதானா என்று உறுதி செய்துகொண்டு, பிறகு வாய் வழியாக உள்ளே போவோம்.

எடுத்துக்காட்டுக்குப் பச்சை தத்துப்பூச்சியை வைத்துக்கொள்கிறேன். நெஃபோடெட்டிக்ஸ் வைரசென்ஸ் என்பது அதன் அறிவியல் பெயர். உங்களிடம் இருப்பது கத்தரியிலோ பருத்தியிலோ சோளத்திலோ பிடித்த தத்துப்பூச்சி என்றாலும் பரவாயில்லை. இந்தக் குடும்பத்தில் 20,000-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன. நிறமும் அளவும் மாறும், அடிப்படை அமைப்பு மாறாது.

தேவையானவை

10 அல்லது 20 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும், பாதி வழிவரை வந்துவிடலாம். உள்ளுறுப்புகளைப் பார்க்க 40 மடங்குவரை காட்டும் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் வேண்டும். கூர்முனை இடுக்கி ஒரு ஜோடி, குச்சியில் செருகிய மெல்லிய ஊசிகள் இரண்டு, கண்ணாடி ஸ்லைடு, கிளிசரின், 70% ஆல்கஹால், சுத்தமான நீரில் 0.9% அளவில் உப்பு கரைத்த கரைசல். வெளிச்சத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பக்கவாட்டிலிருந்து விழும் நல்ல விளக்கு ஒன்று இருந்தால் சாதாரண லென்ஸே நிறையக் காட்டும்.

முதல் படி: பிடிப்பது

பயிரின் மேல் வலையை வீசி இழுத்தால் பத்து இருபது பூச்சிகள் சுலபமாக விழும். வலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க உறிஞ்சு குழாய் வசதியானது. வாயில் வைக்கும் முனைக்கு மெல்லிய துணி கட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டே உறிஞ்சுங்கள். பச்சை தத்துப்பூச்சி வெளிச்சத்துக்கு ஓடிவரும் பூச்சி என்பதால் இரவில் விளக்குப்பொறியிலும் நிறையக் கிடைக்கும். ஆனால் எந்தச் செடியிலிருந்து வந்தது என்பது அதில் தெரியாது. நோய் பற்றிப் படிக்க வலைதான் நல்லது.

நோய் கண்ட செடியில் பிடித்ததையும் நல்ல செடியில் பிடித்ததையும் தனித்தனிக் குப்பியில் போடுங்கள். இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது: நோய் உள்ள வயலில் பிடித்த பூச்சியை உயிரோடு வேறு இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கேயே ஆல்கஹாலில் போட்டுவிடுங்கள். உள்ளுறுப்புகளைப் பார்க்க மட்டும் ஆல்கஹாலில் ஊறாத பூச்சி வேண்டும், ஏனென்றால் ஆல்கஹாலில் குடலும் சுரப்பியும் விறைத்துப்போகும். அதற்கு நோய் இல்லாத வயலில் பிடித்த பூச்சிகளை எடுத்துக்கொண்டு, மூடி இறுகிய குப்பியைப் பிடித்த இடத்திலேயே ஐஸில் புதைத்து, வந்ததும் உறைநிலைப் பெட்டியில் வைத்துக் கொன்று, அன்றைக்கே அறுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாம் படி: பின்னங்காலைப் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் நிறத்தை வைத்துத்தான் பூச்சியை அடையாளம் காண முயல்வார்கள். காலை வைத்துக் காண்பதே சரி. நெல்லில் புகையானும் வெண்முதுகுத் தத்துப்பூச்சியும் இதே போல ஆப்பு வடிவில், இறக்கையை இருபுறமும் சரித்து மடித்து உட்கார்ந்திருக்கும். அவை வேறு குடும்பம். புகையானும் வைரஸ் பரப்பும், ஆனால் துங்ரோவை அல்ல. தவறான பூச்சியை எண்ணிக்கொண்டிருந்தால் முடிவு எல்லாமே தவறாகிவிடும்.

பூச்சியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, பின்னங்காலின் நீண்ட நடுக்கணுவுக்கு லென்ஸைக் கொண்டுபோங்கள். அந்தக் கணு நெடுக வரிசை வரிசையாக முட்கள் இருந்தால் அது இலைத் தத்துப்பூச்சி, நாம் தேடுவது. முட்கள் ஓரிரண்டே இருந்து, கணுவின் அடிமுனையில் அசையக்கூடிய பெரிய குதிமுள் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அது புகையான் வகை. சந்தேகம் தீரவில்லையென்றால் உணர்கொம்பைப் பாருங்கள். இலைத் தத்துப்பூச்சியின் உணர்கொம்பு கண்களுக்கு நடுவே முகத்திலிருந்து கிளம்பும் மெல்லிய மயிர் மாதிரி இருக்கும். புகையானில் அது கண்ணுக்குக் கீழே, அடிப்பகுதி பருத்து இருக்கும்.

இந்த முட்களுக்குத் தாவுவதைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு. கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சை இவை உடம்பெல்லாம் தடவிவிடுகின்றன. தத்துப்பூச்சியின் மால்பிஜியன் குழல்கள், அதாவது மற்றப் பூச்சிகளில் பெரும்பாலும் கழிவு நீக்கும் வேலையைச் செய்யும் உறுப்புகள், ‘புரோகோசோம்’ என்ற உள்ளீடற்ற நுண்ணுருண்டைகளைச் சுரக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது. மேற்பரப்பு முழுதும் குழிகுழியாக இருக்கும். தோலுரித்து வந்த பூச்சி ஆசனவாய் வழியே வரும் இந்தத் திரவத்தைக் கால்களால் உடல் முழுதும் பூசி, உலர்ந்ததும் சீவிவிடும். தண்ணீரும் பூச்சியின் சொந்தக் கழிவான இனிப்புத் துளியும் உடலில் ஒட்டாமல் வழிந்துபோவது இதனால்தான். ஒரு சொட்டு நீரை இறந்த பூச்சியின் இறக்கைமேல் விட்டுப் பாருங்கள், உருண்டு நிற்கும். ஆல்கஹாலில் ஊறிய பூச்சியில் இது சரியாகத் தெரியாமல் போகலாம்.

மூன்றாம் படி: எந்த இனம், ஆணா பெண்ணா

நெல்லில் இரண்டு நெருங்கிய உறவினர்கள் சேர்ந்தே இருப்பார்கள்: வைரசென்ஸ், நிக்ரோபிக்டஸ். துங்ரோவைத் திறம்படப் பரப்புவது முதலாவது. மேலிருந்து தலையைப் பாருங்கள். தலையின் முன்விளிம்பை ஒட்டி ஒரு கரும்பட்டை ஓடினால் அது நிக்ரோபிக்டஸ். வைரசென்ஸின் உச்சந்தலையில் அந்தப் பட்டை கிடையாது. இரண்டிலும் ஆணின் முன்னிறக்கை முனை கறுத்து, நடுவில் கரும்புள்ளி ஒன்று இருக்கும். பெண்ணில் இந்தக் கறுப்பு பெரும்பாலும் இராது. அதனால் பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அடித்துச் சொல்லாதீர்கள். உறுதியான முடிவுக்கு ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டியிருக்கும். வயிற்றை 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துச் சதையைக் கரைத்துவிட்டு, உள்ளே மிஞ்சும் கடினப் பகுதிகளின் வடிவத்தை ஒப்பிடுவார்கள். அந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள்.

ஆண், பெண் பிரிக்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். மல்லாக்கப் போட்டு வயிற்றின் நுனியைப் பார்த்தால், பெண்ணில் நீளவாக்கில் வாள்போன்ற முட்டையிடும் உறுப்பு ஒன்று உறைக்குள் படுத்திருக்கும். அதன் விளிம்பு ரம்பப்பல் கொண்டது. அதை வைத்து இலையுறையைக் கிழித்துத் திசுவுக்குள்ளேயே முட்டைகளை வரிசையாகச் செருகிவிடும். ஆணில் அந்த இடத்தில் இரண்டு சிறு தகடுகள் இருக்கும்.

நான்காம் படி: முகமும் வாயும்

இங்கே அவசரப்படாதீர்கள். நோய் உள்ளே போவதும் வெளியே வருவதும் இந்த வழியாகத்தான்.

பூச்சியை முகம் மேலே பார்க்கும்படி வையுங்கள். கண்களுக்கு நடுவே முகம் சற்றுப் புடைத்துத் தெரியும். அந்தப் புடைப்புக்குள் இருப்பவை சாற்றை இழுக்கும் பம்பின் தசைகள். முகத்தின் புடைப்பு உணவைக் காட்டிக்கொடுக்கும். சைலத்தில், அதாவது வேரிலிருந்து நீரை மேலே கொண்டுபோகும் குழாய்த் திசுவில், ஓடும் நீர் இழுவிசையில் இருப்பது. அதை எதிர்த்து உறிஞ்ச பெரிய தசைகள் வேண்டும். ஆகவே சைலம் குடிக்கும் தத்துப்பூச்சிகளுக்கு முகம் நன்றாக உப்பியிருக்கும். புளோயம் என்பது இலை தயாரித்த சர்க்கரையைச் சுமக்கும் திசு; அதன் சாறு தன் அழுத்தத்திலேயே வருவதால் அதைக் குடிப்பவற்றுக்கு அவ்வளவு புடைப்பு இல்லை.

முகத்தின் அடியிலிருந்து முன்னங்கால்களுக்கு இடையே பின்னோக்கி மடிந்து கிடப்பது மூக்குப்போன்ற உறை. மூன்று கணுக்கள் கொண்டது. பலரும் இதையே ஊசி என்று நினைத்துவிடுகிறார்கள். இது செடிக்குள் போவதே இல்லை. உண்மையான ஊசிகள் இதன் முன்புறப் பள்ளத்தில் பதிந்திருக்கும் மயிரிழை போன்ற நான்கு அலகுகள்.

அவற்றை வெளியே எடுப்பது பழகினால் வரும். தலையைத் தனியாக எடுத்து ஸ்லைடில் ஒரு சொட்டு கிளிசரினில் வையுங்கள். ஓர் ஊசியால் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற ஊசியை உறையின் அடியில் நுழைத்து நுனியை நோக்கி மெதுவாக வருடுங்கள். பள்ளத்திலிருந்து ஒற்றை மயிர் போல ஒன்று விடுபட்டு வளையும். அது ஒன்றல்ல. மேலே மெல்லிய மூடுகண்ணாடியை வைத்து இலேசாக அழுத்தினால் நுனிப்பக்கம் பிரிந்து நான்காகும். வெளியே இருக்கும் இரண்டும் நுனியில் சிறு பற்கள் கொண்டவை, வழி வெட்டுபவை. உள்ளே இருக்கும் இரண்டையும் உட்புறம் வாய்க்கால் குடைந்த இரண்டு மூங்கில் பிளாச்சுகளை முகத்தோடு முகம் பொருத்தியதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் பொருத்தத்தில் இரண்டு குழாய்கள் உருவாகின்றன. அகலமானதில் சாறு மேலே ஏறுகிறது. குறுகலானதில் உமிழ்நீர் கீழே இறங்குகிறது.

பூச்சி உறிஞ்சத் தொடங்கும்போது முதலில் கெட்டியான உமிழ்நீரை விட்டு அலகுகளைச் சுற்றி ஓர் உறையைக் கட்டிக்கொண்டே உள்ளே போகும். பூச்சி பறந்தபின்னும் அந்த உறை இலைக்குள் இருக்கும். அமில ஃபுக்சின் சாயத்தில் இலையை ஊறவைத்தால் உறைகள் சிவந்து தெரியும், எத்தனை இடத்தில் குத்தியது என்று எண்ணிவிடலாம். அப்புறம் நீர்த்த உமிழ்நீர் வரும். உடலுக்குள் சுற்றிவரும் கிருமிகள் இதனோடுதான் செடிக்குள் இறங்குகின்றன.

ஐந்தாம் படி: முன்குடல், அதாவது முதல் தங்குமிடம்

அலகுகள் முடியும் இடத்தில் பம்பு அறை, அதன் பிறகு உணவுக்குழாய். இவை இரண்டும் முன்குடலைச் சேர்ந்தவை. ஒரு விஷயத்தை இங்கே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: முன்குடலின் உட்சுவர் பூச்சியின் வெளித்தோலோடு தொடர்ச்சியான அதே பொருளால் ஆனது. பூச்சி தோலுரிக்கும்போது இந்த உள்தோலும் கழன்று போய்விடும்.

துங்ரோவின் நடத்தை இங்கேதான் புரியும். துங்ரோ என்பது ஒரு வைரஸ் அல்ல, இரண்டின் கூட்டு. உருண்டை வடிவ ஆர்.என்.ஏ. வைரஸ் ஒன்று, குச்சி வடிவ டி.என்.ஏ. வைரஸ் ஒன்று. பயிரை மஞ்சளாக்கிக் குட்டையாக்குவது முக்கியமாகக் குச்சி வைரஸ். ஆனால் அதனால் தனியாகத் தத்துப்பூச்சியில் ஏறிப் பயணம் செய்ய முடியாது, உருண்டை வைரஸின் துணை வேண்டும். உருண்டை வைரஸ் தனியாகவே பரவும், பயிரில் அடையாளம் ஏதும் பெரிதாகக் காட்டாது. அதனால் பச்சைப் பசேலென்று இருக்கும் வயலும் துணை வைரஸின் இருப்பிடமாக இருக்கக்கூடும்.

நோயுற்ற செடியில் சிறிது நேரம் உறிஞ்சினாலே தத்துப்பூச்சி துங்ரோவை ஏற்றிக்கொள்ளும். காத்திருப்புக் காலம் எதுவும் இல்லாமல் அடுத்த செடிக்கு உடனே கொடுத்துவிடும். சில நாட்களில் அந்தத் திறனை இழந்துவிடும், மறுபடி நோய்ச்செடியில் உறிஞ்சினால்தான் திரும்ப வரும். இளம்பூச்சி தோலுரித்தாலும் அதே கதி. முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகாது. உள்தோலில் ஒட்டிப் பயணிக்கும் கிருமிக்கு இப்படித்தான் நடக்கும்.

திராட்சையைக் கொல்லும் சைலெல்லா என்ற பாக்டீரியாவும் தத்துப்பூச்சிகளின் முன்குடலில்தான் தங்குகிறது. ஆனால் அது அங்கேயே பெருகும். இளம்பூச்சி தோலுரித்தால் அதுவும் போய்விடும். வளர்ந்த பூச்சி இனித் தோலுரிக்கப் போவதில்லையே, அதனால் ஒருமுறை ஏற்றிக்கொண்டால் ஆயுள் முழுதும் பரப்பும்.

ஆகவே பூச்சிகளை எண்ணும்போது இளம்பூச்சியையும் வளர்ந்ததையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். இளம்பூச்சிக்கு ஐந்து பருவங்கள். இறக்கை மொட்டுகளின் நீளத்தைப் பார்த்துப் பருவத்தைச் சொல்லிவிடலாம்: முதல் இரண்டு பருவங்களில் அவை பெயருக்குத்தான் தெரியும், ஐந்தாவதில் வயிற்றின் மேலே நன்றாகப் படர்ந்திருக்கும்.

ஆறாம் படி: குடலைத் திறப்பது

உப்புக் கரைசலில் பூச்சியை மூழ்கவைத்து, மார்பை ஓர் இடுக்கியால் பிடித்துக்கொண்டு வயிற்றின் கடைசி வளையத்தை மற்றொன்றால் நிதானமாக இழுங்கள். குடல் பாம்பாக நீண்டு வெளியே வரும். அறுந்துபோனால் அடுத்த பூச்சியை எடுங்கள், பத்தில் இரண்டு மூன்று முழுசாக வந்தாலே நல்ல கை.

குடலின் முன்பகுதியில் முடிச்சு மாதிரி ஓர் இடம் இருக்கும். நடுக்குடலின் கடைசிப் பகுதி திரும்பி வந்து தொடக்கப் பகுதியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் அது, வடிகட்டும் அறை. சாற்றில் தண்ணீர் அதிகம், சத்து குறைவு. இந்த அறையில் மிகுதி நீர் குறுக்குவழியில் நேராகப் பின்குடலுக்குப் போய்விடுகிறது, சத்து மட்டும் சுற்றுவழியில் போய்ச் செரிக்கிறது. பின்பக்கம் தொங்கும் நான்கு மெல்லிய இழைகள் மால்பிஜியன் குழல்கள். அவற்றில் தடித்துத் தெரியும் பகுதியில்தான் முன்னே சொன்ன நுண்ணுருண்டைகள் உருவாகின்றன.

சில வைரஸ்கள் முன்குடலோடு நிற்பதில்லை. நடுக்குடலின் சுவரைத் துளைத்துக்கொண்டு இரத்தத்தில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைய வேண்டும். இந்தச் சுவர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதை 1930-களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஸ்டோரி என்ற ஆய்வாளர் அழகாகக் காட்டினார். மக்காச்சோளக் கோட்டு நோயைப் பரப்பும் சிகடுலினா தத்துப்பூச்சியில், ஒரே இனத்துக்குள்ளேயே நோயைப் பரப்பக்கூடிய வம்சமும் பரப்ப முடியாத வம்சமும் இருந்தன. பரப்ப முடியாத பூச்சியின் வயிற்றில் மிக மெல்லிய ஊசியால் குத்தி, குடலில் சிறு ஓட்டை போட்டார். அந்தப் பூச்சிகளும் நோயைப் பரப்பத் தொடங்கின. வைரஸ் உள்ளே இருந்தது, சுரப்பி தயாராக இருந்தது, நடுவில் தடுத்துக்கொண்டிருந்தது குடல் சுவர் மட்டும். உடலமைப்பு படிப்பது எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்தச் சோதனையைத்தான் சொல்வேன்.

ஏழாம் படி: உமிழ்நீர்ச் சுரப்பி

புதிய பூச்சி ஒன்றை உப்புக் கரைசலில் வைத்து, இந்த முறை தலையை மார்பிலிருந்து மெதுவாக இழுத்துப் பிரியுங்கள். தலையின் பின்புறத்தோடு ஒட்டிக்கொண்டு வெளுத்த, கொத்தான இரண்டு சுரப்பிகள் வரும். பின்னணியைக் கறுப்பாக்கிப் பக்கவாட்டு வெளிச்சம் கொடுத்தால் தெளிவாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் பல மடல்கள் கொண்ட முதன்மைச் சுரப்பியும் மெல்லிய துணைச் சுரப்பியும் உண்டு.

இங்கேவரை வந்து சேர வேண்டிய கிருமிகளுக்குக் காத்திருப்புக் காலம் நீளும். கத்தரியில் சிற்றிலை நோயை உண்டாக்கும் பைட்டோபிளாஸ்மா அந்த வகை. இவை சுவரற்ற பாக்டீரியாக்கள். 1967-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் கண்டுபிடிக்கும்வரை இவற்றின் நோய்களையும் வைரஸ் கணக்கில்தான் வைத்திருந்தார்கள். தத்துப்பூச்சி இதை உறிஞ்சிய பிறகு குடல், இரத்தம், சுரப்பி என்று எல்லா இடத்திலும் அது பெருகி வர வாரக்கணக்கில் ஆகும். அதன் பிறகு பூச்சி சாகும்வரை பரப்பும். தோலுரித்தாலும் ஒன்றும் குறையாது.

நெல் குட்டை வைரஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகும் என்று 1933-இல் ஜப்பானின் ஃபுகுஷி நிறுவினார். தத்துப்பூச்சியின் வயிற்றின் இருபக்கமும் மஞ்சள் நிறத்தில் தெரியும் உறுப்புகளில் சல்சியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. சாற்றில் இல்லாத அமினோ அமிலங்களைச் செய்து கொடுக்கும் துணை உயிரி அது, ஒவ்வொரு தலைமுறையும் முட்டை வழியாகவே கைமாறும். இந்த வைரஸ் அந்தப் பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு முட்டைக்குள் நுழைந்துவிடுகிறது. குடலை இழுக்கும்போது அந்த மஞ்சள் உறுப்புகளும் கூடவே வந்தால் கழித்துவிடாமல் தனியாக எடுத்துப் பாருங்கள்.

எட்டாம் படி: பாதுகாத்து வைப்பது

பார்த்து முடித்த பூச்சியை அதே எண் போட்ட குப்பியில் வையுங்கள். அறுத்தெடுத்த வயிற்றுப் பகுதியைச் சிறு குப்பியில் கிளிசரினில் போட்டு, மீதி உடலோடு சேர்த்தே வைக்க வேண்டும். பிரிந்துவிட்டால் இரண்டுக்கும் மதிப்பில்லை. சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரையும். தேதி, இடம், பயிர், பயிரின் வயது, செடி நோயுற்றதா நல்லதா, ஆணா பெண்ணா, இளம்பூச்சி என்றால் எத்தனையாவது பருவம். சீட்டு குப்பிக்கு உள்ளேயே இருக்கட்டும், வெளியே ஒட்டியது உதிர்ந்துபோகும்.